கடைசியாக விரல் வைப்பவள்

எங்க கம்பெனி என்ன பண்ணுதுன்னு கேட்டீங்கல்லங்க? நாலு வருசத்துக்கு முந்தி கேட்டிருந்தீங்கன்னா ஒரே வார்த்தையில சொல்லியிருப்பனுங்க. கைரேகை மிஷின். மில்லு வாசல்ல சுவத்துல மாட்டியிருக்குமே, விரலை வெச்சா பீப்புன்னு கத்தி பச்சை லைட்டு எரியும், ஆளு உள்ள போயிரும், அந்த மிஷின். அதைச் செய்யறது, மாட்டறது, ரிப்பேர் பாக்கறது. பத்தொம்பது வருசம் எம் பொழப்பு அதுதானுங்க. பல்லடம், சூலூர், அவிநாசி, உடுமலைன்னு நூத்தி நாப்பது மில்லு. அத்தனை மில்லு வாசலும் எனக்குத் தெரியும். உள்ள போனது மட்டும் கம்மி.

இப்பக் கேட்டா சொல்றது கஷ்டமுங்க. இந்தாங்க, கார்டைப் பாருங்க. திருமூர்த்தின்னு எம் பேரு. கீழ என்ன போட்டிருக்குது? சீனியர் இன்சைட் கன்சல்டன்ட். எங்க வீட்டுக்காரியும் கேட்டா, அப்படின்னா என்னன்னு. வேலை பெருசாயிருச்சுன்னு அர்த்தம்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க.

வெயில் உங்க பக்கம் அடிக்குதுங்களா? அந்த பஸ் ஜன்னல் ஸ்க்ரீனை இழுத்து விட்டுக்குங்க.

என்ன ஆச்சுன்னா, சீனா மிஷினு வந்துச்சுங்க. பாதி விலை. கெட்டுப் போனா யாரும் ரிப்பேர் பாக்கறதில்ல, கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டிக்கறாங்க. எங்க முதலாளி, பெரியவரு, ரெண்டு வருசம் முட்டிப் பாத்தாரு. அப்புறம் நெஞ்சு வலின்னு படுத்துட்டாரு. அவரு பொண்ணு தாரணி பெங்களூர்ல பெரிய வேலையில இருந்துச்சு, அதை விட்டுட்டு வந்து சீட்டுல உக்காந்துச்சு. எல்லாரும் மேடம்னு கூப்பிடுவாங்க. நான் பாப்பான்னுதான். அது ஸ்கூல் யூனிபார்ம் போட்டுட்டு கம்பெனிக்குள்ள ஓடுன நாள்ல இருந்து பாத்தவனுங்க நான்.

வந்த மொத வாரமே எங்க பதினாலு மெக்கானிக்கையும் குடோன்ல கூட்டி வெச்சுப் பேசுச்சு. "மிஷின் விக்கறதுல இனி ஒண்ணுமில்ல. யாரு எப்ப வந்தா, எப்ப போனா, யாரு வரவேயில்லன்னு பதினோரு வருசமா அந்த மிஷினுக நமக்கு அனுப்பினது எல்லாம் நம்மகிட்ட சும்மா கிடக்குது. அதுல இருந்து என்ன தெரியுதுங்கறதுதான் மில்லுக்காரங்களுக்கு வேணும். நாம இனி ஹையர் வேல்யூ பக்கம் போறோம்"னுச்சு. ஹையர் வேல்யூ, ஹையர் வேல்யூன்னு அன்னிக்கு எத்தனை தடவை சொல்லுச்சோ, வீட்டுக்குப் போயும் எங் காதுக்குள்ள அதே ஓடுச்சுங்க.

பதினாலு பேர்ல பதினோரு பேரை அனுப்பிட்டாங்க. தப்புன்னு சொல்ல மாட்டனுங்க. அவனுகளுக்கு மிஷினைத்தான் தெரியும். எனக்கு ஆளுகளைத் தெரியும். இதை நான் சொல்லலைங்க, பாப்பாவே சொல்லுச்சு. அதுல ஒருத்தன் இப்பக் காய்கறி வண்டி ஓட்டறான். ரோட்டுல எதுக்க வந்தா ஹாரன் அடிப்பான். நிறுத்த மாட்டான்.

எனக்கு ஏசி ரூமுல ஒரு நாற்காலி. சுத்தி ஆறு சின்னப் பசங்க, பொண்ணுங்க, எல்லாம் கம்ப்யூட்டர் படிச்சவங்க. எந்த வேலைக்காரி அடுத்த மாசம் மில்லை விட்டு நின்னுக்குவான்னு லிஸ்ட் போட்டாங்க. அதுதான் மொதல்ல வித்த சரக்கு. ஊருக்குப் போயிட்டு ஒரு நாள் லேட்டா வந்தா ஒரு மார்க்கு, திங்கக்கிழமை லீவுன்னா ஒரு மார்க்குன்னு கூட்டிக் கழிச்சுச் சொல்லுவாங்க. பத்துக்கு ஆறு சரியா இருக்கும். ஆறு போதாதுங்களே.

ஒரு நாள் நான் அந்தக் கம்ப்யூட்டரைச் சும்மா பாத்துட்டிருந்தவன், அங்க வந்த தாரணிகிட்ட, "பாப்பா, இந்த மூணு பேரும் ஒரே ரூமு"ன்னேன்.

"எப்படி அங்கிள் சொல்றீங்க?"

"இதா பாரு. நாலு நிமிசம் ஆளேயில்ல. அப்புறம் எட்டு செகண்டுக்குள்ள மூணு விரலு. நேத்தும் அப்படி, முந்தா நாளும் அப்படி. ஒண்ணா நடந்து வர்றாங்க."

நான் விடலை. "இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்க. எவ சொன்னா மத்தவளுக கேப்பாளுகளோ, அவ மொதல்ல விரலை வெக்க மாட்டா. எல்லாத்தையும் முன்னால விட்டு, எல்லாரும் உள்ள போயிட்டாளுகளான்னு பாத்துட்டு, கடைசியாத்தான் வெப்பா. கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கறவன் கடைசியாச் சாப்பிடறானில்ல, அந்த மாதிரி."

கை தட்டுனாங்கங்க. ஆறு பேரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க. ஒரே மாசத்துல ஸ்க்ரீன்ல கொண்டு வந்துட்டாங்க. ஒவ்வொரு பொண்ணுக்கும் ஒரு புள்ளி. ஒண்ணா வர்றவங்களுக்கு நடுவுல கோடு. நெறைய கோடு சேர்ற எடத்துல, கடைசியா விரல் வெக்கறவளுக்குச் செவப்புப் புள்ளி. அது எம் மூளைங்க. பத்தாவதோட நின்ன மூளை.

அதை மொதல்ல வாங்குனது பல்லடத்துக்கு அந்தாண்ட ஒரு ஸ்பின்னிங் மில்லு. பேரு வேண்டாமுங்க, கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறன், சொல்லக்கூடாது. உள்ளயே ஹாஸ்டல், எல்லாம் தெக்கத்திப் பொண்ணுங்க. அங்க ஒரு பொண்ணுக்குக் காய்ச்சல். லீவு குடுக்காம ஷிப்டுக்கு வரச் சொல்லி, நூல் மிஷின் மேலயே மயங்கி விழுந்துருச்சு. அடுத்த நாள் காலையில முப்பத்தியொரு பொண்ணுங்க வாசல்ல வந்து நின்னுட்டாங்க. சத்தமில்ல, கோஷமில்ல, விரலை வெக்காமச் சும்மா நின்னாங்க. இருபது நிமிசம். பர்சனல் ஆபீசர் சிவகுருநாதன் ஓடி வந்து, அந்தப் பொண்ணை வேன்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெச்சதுக்கப்புறம்தான் உள்ள போனாங்க.

இருபது நிமிசந்தானே, போச்சுன்னு விடலாமில்லங்க? ஆபீசரால விட முடியலை. யாரு ஆரம்பிச்சதுன்னு ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டு ரூமுல உக்கார வெச்சுக் கேட்டாரு. லீவு தர்றேன்னு பாத்தாரு, வீட்டுக்கு ஃபோன் பண்ணுவேன்னு பாத்தாரு. ஒருத்தி வாயைத் திறக்கலை. அப்புறந்தான் பாப்பாகிட்ட வந்தாரு. அந்த மில்லோட நாலு வருசத்து விரல் பதிவு முழுக்க எங்ககிட்ட இருந்துச்சு.

ரிப்போர்ட் வந்துச்சு. செவப்புப் புள்ளி. முத்துப்பேச்சி.

எனக்கு அந்தப் பொண்ணைத் தெரியுமுங்க. சங்கரன்கோவில் பக்கம், இருபத்தாறு இருபத்தேழு வயசிருக்கும். மிஷின் ரிப்பேருன்னு நான் அங்க போனா, "எண்ணே, உங்க மிஷினு எங்களை விட லீவு அதிகமால்லா எடுக்கு?"ன்னு கேக்கும். எல்லாரும் சிரிப்பாங்க. ஒரு தடவை டீ வாங்கிக் குடுத்துச்சு. வேண்டாம்னு சொல்லச் சொல்லக் கேக்கலை.

பாப்பாகிட்ட சொன்னேன், இது நல்ல பொண்ணு பாப்பான்னு. சொல்லாம இல்லைங்க. அது சொல்லுச்சு, "அங்கிள், நல்லவங்க கெட்டவங்கன்னு நாம சொல்றதில்ல. நாம மார்க்குத்தான் போடறோம். அதை வெச்சு என்ன பண்றாங்கங்கறது கஸ்டமரோட விஷயம்." நியாயமான பேச்சுத்தானுங்களே. கத்தி செஞ்சு விக்கறவன் யாரு கழுத்தைன்னா கேப்பான்? அட, கழுத்துன்னு எதுக்குச் சொல்றேன். காய் நறுக்கறதுக்குத்தான் விக்கறான்.

ஒரே வாரத்துல பதினோரு பேரை மாத்திட்டாங்க. ஒரே முதலாளிக்கு நாலு யூனிட்டு இருக்குது. கோடு போட்டுச் சேந்திருந்தவங்களைப் பிரிச்சு, ரெண்டு பேரு மூணு பேருன்னு எல்லா யூனிட்டுக்கும் அனுப்பிட்டாங்க. முத்துப்பேச்சியை மட்டும் தனியா, வேடசந்தூருக்கு அந்தப் பக்கம். அதுக்கப்புறம் வாசல்ல யாரும் நிக்கலை. ஆபீசர் எங்களுக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பிச்சாரு.

ஒரு மாசம் கழிச்சு மிஷின்ல என்னமோ கோளாறுன்னு நானே போனேன். பழக்கம் விடலைங்க. காலை ஷிப்டு உள்ள போற நேரம். டைம் ஆபீஸ் ஜன்னல்கிட்ட ஒரு பொண்ணு தனியா நிக்குது. ஒல்லியா, கழுத்துல ஒரு சின்னச் சிலுவை. கிளார்க்கு ஃபோன் பேசிட்டிருக்கறான், "இரு, இரு"ங்கறான். அதுவும் நிக்குது. மத்த பொண்ணுங்க அதைத் தாண்டித்தான் போகணும். போறப்ப ஒவ்வொருத்தியும் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிட்டுப் போறா. ஒருத்தி கீழ துப்பிட்டுப் போனா.

"யாருப்பா அது?"ன்னேன் கிளார்க்குகிட்ட.

"ஸ்டெல்லாண்ணா. கோயில்பட்டிப் பக்கம். சின்ன வயசுல இருந்து தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை செஞ்சு விரல் தேஞ்சு ரேகையே இல்ல. உங்க மிஷினு எடுக்காது. நாலு வருசமா நோட்டுல எழுதித்தான் உள்ள விடறோம்."

"எதுக்கு இப்படி எல்லாரும் ஒதுங்கிப் போறாளுக?"

"அந்தப் பதினோரு பேரைக் காட்டிக் குடுத்தது இவதான்கறாளுக. அவளுக கூட்டத்துலயே இவ ஒருத்தியைத்தானே மாத்தலை." அவன் சிரிச்சுட்டே நோட்டை எடுத்தான். "முன்னால அந்த முத்துப்பேச்சி பெரிய தொல்லைண்ணா. நான் இவ பேரை எழுதற வரைக்கும் கூடவே நிப்பா, நகர மாட்டா. எழுதினதைக் கண்ணால பாத்துட்டுத்தான் போயித் தன் விரலை வெப்பா. இப்ப அந்தத் தொல்லையில்ல."

அங்கயே ஸ்டூல்ல உக்காந்துட்டேன்.

புரிஞ்சுதுங்களா உங்களுக்கு? முத்துப்பேச்சி கடைசியா விரல் வெச்சது தலைவிங்கறதால இல்ல. கூட்டாளிக்கு ஆப்சென்ட் போட்டுறக் கூடாதேன்னு காத்து நின்னிருக்குது. அதைத்தான் நாங்க செவப்புப் புள்ளியாக்கி வெச்சோம். ஸ்டெல்லா தப்பிச்சதும் வேற எதுனாலயும் இல்லைங்க. அவ விரலு எங்க மிஷின்ல பதியலை. பதியாதவளுக்குப் புள்ளி இல்ல. புள்ளி இல்லாதவளுக்குக் கோடு எங்க இருந்து வரும்?

அன்னிக்கே பாப்பாகிட்ட போயிச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுச்சு. நல்ல பொண்ணுங்க அது, யாரு பேசினாலும் குறுக்க பேசாது. கேட்டுட்டு, "அங்கிள், அவங்களை மாத்துனதுக்கப்புறம் வாசல்ல கூட்டம் நின்னுச்சா?"ன்னுச்சு. இல்லைன்னேன். "அப்ப நம்ம மார்க்கு சரியாத்தானே வேலை செஞ்சிருக்குது?"

சரியாத்தானுங்க செஞ்சிருந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு, மத்தியானம் சாப்பிட்டுட்டிருக்கறேன், ஃபோன். தெரியாத நம்பர். பின்னால மிஷின் ஓடற இரைச்சல்.

"எண்ணே, நான் முத்துப்பேச்சி பேசுதேன். சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா. சொல்லு."

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்ணே. எங்க பேரெல்லாம் யாரு எழுதிக் குடுத்தா? நான் யாரு கூட வாரேன், யாரு கூடப் போறேன்னு ஆபீசரு அப்படியே பாத்த மாதிரி சொல்லுதாரு. உள்ளுக்குள்ள இருக்க ஒருத்தி சொல்லாம அவருக்கு எப்படிண்ணே தெரியும்?"

"எனக்கெப்படிம்மா தெரியும். நான் மிஷின் பாக்கறவன்."

"எல்லாரும் ஸ்டெல்லாவைச் சொல்லுதாவ. எனக்கு மனசு கேக்கலண்ணே. அவளும் நானும் ஒரே தட்டுல தின்னவுக. அவ அப்படிச் செய்ய மாட்டா. ஆனா அவளை மட்டும் ஏன் மாத்தலைன்னுதான் வெளங்கல. நீங்க வாசல்லயே கெடக்கவரு, நாலு பேரு பேசுறது காதுல விழுமில்லா. அவ இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் எல்லாருக்கும் சொல்லிருதேன். நான் சொன்னா கேப்பாளுவ."

ஒரு வார்த்தைங்க. அவ விரலு பதியாதும்மா, அதுதான் விசயம். அவ்வளவுதான் சொல்லணும். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா அதைச் சொன்னா அடுத்து என்ன கேக்கும்? விரலுக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்னு கேக்கும். விவரமான பொண்ணு. நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறனே. எனக்கு ரெண்டு பொண்ணுங்க, பெரியவ காலேஜு.

"தெரியாதும்மா"ன்னேன். "யாரு மனசுல என்ன இருக்குதுன்னு யாரு கண்டா?"

அதைத்தானுங்க சொன்னேன். பொய்யில்ல பாருங்க. நெஜமாவே யாரு மனசுல என்ன இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்?

முத்துப்பேச்சி, "அப்போ நீங்களும் அப்படித்தான் நெனைக்கீங்க"ன்னுச்சு. வெச்சுருச்சு. மிச்சச் சோத்தைக் கொட்டிட்டேன். தட்டைக் கழுவி வெச்சுட்டேன்.

ஸ்டெல்லா அதுக்கப்புறம் எத்தனை நாள் அங்க இருந்துச்சுன்னு சரியாச் சொல்ல முடியலைங்க. அதுதான் கொடுமை. ஹாஸ்டல்ல அதோட கட்டிலை வராந்தாவுல தூக்கிப் போட்டுட்டாங்களாம். சாப்பிடற எடத்துல பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்களாம். வேடசந்தூர்ல இருந்து முத்துப்பேச்சி யாருக்கோ ஃபோன் பண்ணி, இனிமே அவளுக்காக எங்கிட்ட யாரும் பேசாதீங்கன்னு சொல்லிட்டாளாம். அதைக் கேட்டதுக்கப்புறம் ஸ்டெல்லா வாயே திறக்கலைன்னாங்க.

ஒரு நாள் ஆளைக் காணோம். பெட்டி இருக்குது, துணி இருக்குது, பைபிள் இருக்குது. ஆள் மட்டும் இல்ல. என்னிக்குப் போச்சுன்னு பாக்கலாம்னு நோட்டை எடுத்தா, அந்தக் கிளார்க்கு தினமும் பிரசென்ட்டு, பிரசென்ட்டுன்னு எழுதியே வெச்சிருக்கறான். கூட நின்னு பாக்க ஆளில்லயே, பழக்கத்துல எழுதிட்டான். நாலு நாளா, அஞ்சு நாளா, தெரியலை. ஹாஸ்டல் வார்டன் ஒரு நாள் சொல்லுது, வாட்ச்மேன் ஒரு நாள் சொல்றான்.

அண்ணங்காரன் வந்தான். பெயின்ட் அடிக்கற வேலையாம், கையெல்லாம் வெள்ளையா இருந்துச்சு. போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு மில்லு வாசலுக்கு வந்தான். நானும் அன்னிக்கு அங்க இருந்தேன். மிஷினைக் காட்டிக் கேட்டான், "சார், இதுல கடைசியா எத்தனை மணிக்கு வெளிய போனான்னு இருக்கும்லா?"

"இருக்காதுப்பா."

"எல்லாருக்கும் இருக்குங்காவளே சார்."

"உன் தங்கச்சிக்கு இல்லப்பா."

எம் நம்பரை வாங்கிக்கிட்டான். ஞாயித்துக்கிழமையானா கூப்பிடுவான். தகவல் ஏதும் உண்டா சார்ம்பான். மொதல்ல எடுத்துட்டிருந்தேன். சொல்றதுக்கு ஒண்ணுமில்லாம எடுத்து என்னங்க பண்றது?

நான் சும்மா உக்காந்துட்டேன்னு நெனைச்சுக்காதீங்க. ராவும் பகலும் அதே நெனப்பு. எங்க தப்பு நடந்துச்சு, எங்க தப்பு நடந்துச்சுன்னு. கடைசியில பிடிபட்டுச்சு. விரலு. விரல் பதியாததாலதானே அந்தப் பொண்ணு வெளிய நின்னுச்சு? அதுவும் ஒரு புள்ளியா உள்ள இருந்திருந்தா, பதினோரு பேரோட பன்னெண்டாவதா அதையும் மாத்தியிருப்பாங்க. யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டாங்க. உசுரோட எங்கயோ ஒரு யூனிட்டுல இருந்திருக்கும். இல்ல, இப்பவும் உசுரோடதான் இருக்கும். இருக்குமுங்க.

பாப்பாகிட்ட போனேன். "பாப்பா, விரலை விட்டுரு. மூஞ்சிக்குக் கேமரா போடு. மூஞ்சி இல்லாதவங்க யாரும் இல்லல்ல. ஒருத்தரும் விட்டுப் போக மாட்டாங்க"ன்னேன். என்னை அப்படியே பாத்துச்சு. "அங்கிள், நீங்க எங்கயோ போயிட்டீங்க"ன்னுச்சு. எட்டு மாசத்துல செஞ்சுட்டாங்க. யாரும் நிக்கவே வேண்டாம், நடந்து போனாப் போதும். இப்ப ஹாஸ்டலுக்குக் கேக்கறாங்க, காலேஜுக்குக் கேக்கறாங்க. சம்பளம் கூடியிருக்குது. எல்லாம் அந்தப் பொண்ணை நெனைச்சுச் செஞ்சதுங்க. அதுக்காக நான் செஞ்ச ஒரே நல்ல காரியம்.

மொத கேமரா அதே மில்லுலதான் மாட்டுனோம், போன மாசம். முத்துப்பேச்சியையும் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டாங்க, மார்க்கு இறங்கிருச்சுன்னு. காலை ஷிப்டுக்கு நான் வாசல்ல நின்னு பாத்தேன். ஒவ்வொருத்தியா வந்தாளுக. ஒருத்திக்கும் அடுத்தவளுக்கும் நடுவுல பத்தடி. பேச்சில்ல, சிரிப்பில்ல. எவளும் எவளுக்காகவும் நிக்கலை. ஸ்க்ரீன்ல பாத்தா இருநூத்துச் சொச்சம் புள்ளி, ஒரு கோடு கூட இல்ல. சிவகுருநாதன் என் தோள்ல தட்டி, "பாருங்க திருமூர்த்தி, எவ்வளவு சுத்தமா இருக்குது"ன்னாரு. அந்தப் படத்தைத்தான் இப்பத் திண்டுக்கல்ல ஒம்பது மில்லுக்காரங்களுக்குக் காட்டப் போறேன். இந்த லேப்டாப்புல இருக்குது.

முத்துப்பேச்சியும் வந்துச்சு. மெலிஞ்சிருந்துச்சு. நானே முன்னால போயி, "என்னம்மா, நல்லாருக்கறயா?"ன்னேன். நின்னுச்சு. மேல கேமராவைப் பாத்துச்சு. அப்புறம் என்னைப் பாத்துச்சு. ரெண்டையும் ஒரே மாதிரி பாத்துச்சுங்க. உள்ள போயிருச்சு.

அட, எதுக்குங்க எந்திரிக்கறீங்க? பையை வேற எடுத்துட்டீங்க. இங்கயா இறங்கறீங்க? இது வெறும் பைபாஸ் ஸ்டாப்புங்க, சுத்தி ஒண்ணுமில்ல. நீங்க ஒட்டன்சத்திரத்துக்கு டிக்கெட் எடுத்தீங்களே. நான் பாத்தனுங்களே.